நான் பிறந்த ஸ்கொட்லாந்துத் தீவு

ஒரு சொட்டு விஸ்கி குடிக்காமல், அடுத்தவனுக்கும் வார்க்காமல், வெறும் கதையாலேயே ஒருவனை நாடுகடத்தலின் வாசல்வரை கொண்டுபோகக்கூடியவர் உலகத்தில் ஐலா அண்ணை ஒருவர்தான். அந்த ஒருவன் நான்.

எண்பதுகளின் நடுவில், சுவிட்சர்லாந்தின் சூக் நகரத்து ஹோட்டல் ஒன்றில் இருவரும் கோப்பை கழுவினோம். தொட்டிக்கு மேலே ஐலாத் தீவின் வரைபடம் ஒட்டியிருந்தது. ஸ்கொட்லாந்துக்கு மேற்கே, கடலுக்குள் கிடக்கிற விஸ்கித் தீவு. அண்ணைக்கு அது மனப்பாடம்; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். மிச்சத்தை, ஹோட்டலில் மது ஊற்றுகிற பார்க்காரனிடம் துருவித் துருவிக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்.

"அங்கை மரம் குறைவடா. சேத்து நிலத்தை வெட்டிக் காயவைச்சு எரிப்பாங்கள். அந்தப் புகையிலை பார்லி காயும். அதுதான் விஸ்கி ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது."

"குடிச்சனீங்களோ அண்ணை?"

"சீ! மணந்தனான்."

வரிக்காரருக்கு ஒளித்துக் குகைக்குள் காய்ச்சியது, ஒருகாலத்தில் சுற்றியுள்ள தீவுகளையெல்லாம் ராசாக்கள் அங்கிருந்தே ஆண்டது என்று தினமும் எட்டு மணிநேரம் ஓடும். எண்பத்துமூன்றில் அங்கே ஒரு வடிசாலை மூடிய கதையைச் சொல்கிற நாளில் அண்ணை சாப்பிடவும் மாட்டார்.

நான் யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தவன் என்று நம்பவைக்கவேண்டிய அகதி விசாரணை வந்தது. அதிகாரி சாதுவான மனிதர். எனக்குத்தான் தலைக்குள் அண்ணையின் கதை ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கள் நெடுந்தீவில் எதை எரித்துச் சமைப்பார்கள்?"

பனைமட்டை. பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் வாய் சொன்னது: "சேத்து நிலத்தை வெட்டிக் காயவைச்சு."

மொழிபெயர்ப்பாளர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பி, வடிவா யோசிச்சுச் சொல்லும்."

வடிவாக யோசித்தேன். "நெடுக மழை. குகைக்குள்ளை சாராயம் காய்ச்சுவம்."

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். தலையாட்டிவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

நான் நெடுந்தீவைக் கண்டதே இல்லை என்று நிராகரிப்புக் கடிதம் வந்தது. அழுதுகொண்டே பெட்டி அடுக்கினேன். வைத்த சப்பாத்து இரண்டும் இடதுகால்.

அண்ணை ஹோட்டல் சுவரிலிருந்த வரைபடத்தை உரித்துச் சுருட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போனார். அரைகுறை ஜெர்மனில் அவர் சொன்னது இதுதான்: "இவன் சொன்னது முழுக்க இந்தத் தீவு. நான்தான் மண்டைக்குள்ளை ஏத்தினது. என்ரை பேரைப் போட்டு எழுதுங்கோ." அவருடைய அகதி வழக்கே அப்போது முடியவில்லை.

எனக்கு மறுவிசாரணை கிடைத்தது. படத்தை உரித்ததற்காக அவருக்கு வேலை போனது.

வேறு ஊருக்கு ரயிலேற நின்றவரிடம் கேட்டேன். "எங்கடை ஊரைப் பற்றி ஒருநாளும் கதைக்கேல்லை. ஏன் அண்ணை உந்தத் தீவையே பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"அந்தத் தீவிலை எனக்கு ஆரும் சாகேல்லையடா."

மறுவிசாரணையில் பனைமட்டையைச் சரியாகச் சொல்லி, இந்த நாட்டிலேயே தங்கிவிட்டேன். இன்றைக்கும் ஸ்கொட்லாந்துப் பக்கம் புயல் என்று செய்தியில் சொன்னால், உடனே அவருக்குத்தான் தொலைபேசி எடுப்பேன்.

"அண்ணை, அங்கை எல்லாரும் சுகமோ?"