செய்து பார்த்தேன்

"நாலு மணிக்கு வர்றாராம்" என்று மனைவி போனை வைத்தபோது அகராதிக்காரன் பின்பக்கம் ஓடிப் பார்த்தான். மணி அப்போதே பதினொன்று. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆறடி இடத்தில் துணி காயும் கொடியும் ஓட்டை வாளியும் தவிர, பெயருக்கு ஒரு புல் கூட இல்லை.

அவன் வேலை பார்த்தது உழவுச் சொல் அகராதி போடும் அலுவலகத்தில். அங்கே ஒரு விநோதமான விதி உண்டு. களையெடுத்தல், நாற்று நடுதல், பாத்தி கட்டுதல் என்று எந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதினாலும், அந்த வேலையைத் தானே செய்துவிட்டுச் சீட்டின் அடியில் 'செய்து பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். விதியைப் போட்டவர் அகராதியின் தலைமை ஆசிரியர். நம்ம ஆள் இருநூற்றுப் பதினாலு சீட்டில் போட்டிருந்தான். அத்தனையும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து போட்டது. களைக்கொத்துக்கு 'சற்றே கனமான கரண்டி' என்று எழுதியதில்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. உங்கள் தோட்டத்தை ஒரு நடை பார்க்கிறேனே என்றார். ஓ, தாராளமாக என்று இவனும் சொல்லித் தொலைத்தான்.

திங்கட்கிழமை வேலை நிரந்தரம் ஆக வேண்டும். ஆகாவிட்டால் மச்சானின் டயர் கடைதான். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் அங்கே ஒரு ஸ்டூலைக் காலியாகவே வைத்திருந்தான்.

"உண்மையச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"எந்த உண்மைய? இருநூத்திப் பதினாலு இருக்கு."

தெருமுனைச் செடிக்கடைக்கு ஓடினான். கடைக்கார அம்மா எதற்கென்று கேட்கவே இல்லை. பையில் காய்த்த கத்தரி ஆறு, மிளகாய் நாலு, டிரம்மில் வளர்ந்த எலுமிச்சை ஒன்று எல்லாவற்றையும் ஒருநாள் வாடகைக்கு வண்டியில் ஏற்றினார். ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வேன், பை கிழியக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

பைகளைப் புதைக்கக் குழி வேண்டும். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் மண்வெட்டி வாங்கி ஓங்கிப் போட்டான். தரை அசையவில்லை, தகடுதான் பிடியை விட்டுக் கழன்று கொடியில் கிடந்த போர்வையில் போய் விழுந்தது. மண் இளகட்டும் என்று நாலு குடம் தண்ணீர் ஊற்றினான். இளகிய மண் சேறாகி, செடிகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. மனைவி துணிக் கிளிப்புகளால் அவற்றைக் கொடியோடு சேர்த்துக் கவ்வ வைத்தாள். வெளியே தெரிந்த கறுப்புப் பைகளைத் தெருவில் பொறுக்கிய சருகுகளால் மூடினார்கள்.

மூன்றரைக்கே அழைப்பு மணி அடித்தது.

தலைமை ஆசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். கிளிப்புகளைப் பார்த்தார்.

"விதை போட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"இருபது நாள் சார்" என்றான் இவன். அதே மூச்சில், "ரெண்டு வருஷம்" என்றாள் மனைவி.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையைக் காட்டச் சொன்னார். நல்லவேளை, காலை முதல் பட்ட பாட்டில் இரண்டு கையிலும் கொப்புளம். அதைத் தடவிப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இவனுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த நிமிஷமே போயிற்று.

"அந்தக் கத்தரிய ஒண்ணு பிடுங்குங்க. ஆணிவேர் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு பாப்போம்."

பிடுங்கினால் பையோடு வரும். பையின் மேல் கடையின் பெயர் வேறு. காய்க்கிற செடியைப் பிடுங்க மனசு வரவில்லை சார் என்று கெஞ்சினான். மனசைப் பற்றி அகராதியில் ஒன்றும் இல்லை என்று அவர் தானே குனிந்தார். இவன் பதறிப்போய், முதலில் எலுமிச்சையைப் பாருங்கள், என் பிள்ளை மாதிரி வளர்த்தது என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

எலுமிச்சையின் முன்னால் தலைமை ஆசிரியர் அப்படியே நின்றுவிட்டார். நடுக்கிளையில் முறிந்து ஆறிய பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வியர்த்தது.

"இது... நீங்க வெச்சதுதானா?" குரல் இறங்கியிருந்தது.

போதும், சொல்லிவிடலாம், டயர் கடையிலாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று இவனுக்குத் தோன்றியது. "சார், உண்மையச் சொல்லணும்னா..." என்று ஆரம்பித்தான்.

பின்பக்கக் கதவு திறந்தது. செடிக்கடை அம்மா, சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். இவன் கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மா இவனைக் கண்டுகொள்ளவே இல்லை. தலைமை ஆசிரியரைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, எலுமிச்சைக் கிளையைத் தொட்டுக் காட்டினார்.

"வாங்கய்யா, நல்லாருக்கீங்களா? போன பதிப்புக்கு உங்க வீட்ல கொண்டாந்து வெச்சப்ப நீங்க ஒடிச்சீங்களே, அந்தக் கிளை, பாருங்க, எப்படித் தழைச்சிருக்குன்னு."