பக்கத்தில் ஒரு புள்ளி

"கட்டுரையாளர் இன்னும் சற்றுப் பொறுமையுடன் வானத்தைப் பார்க்கப் பழகுவது நல்லது."

கடிதத்தின் கடைசி வரி இதுதான். ஜோடி சார் அதை நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். வரி மாறவில்லை.

"பதினெட்டு வருஷமா வானத்தைத் தவிர வேற எதையும் பார்க்காதவன் நான். எனக்கா பொறுமை இல்ல?" என்று கத்தினார்.

"வேற எதையும் பார்க்கலங்கிறது நிஜம்தான். குளியலறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுது" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

வானாய்வுக் கூடத்தில் அவருக்கு ஜோடி சார் என்ற பெயர் விழுந்ததற்குக் காரணம் அவர் பார்த்த வேலை. சில நட்சத்திரங்களைக் கோள்கள் சுற்றுகின்றன. அப்படிப்பட்ட நட்சத்திரத்தோடு இன்னொரு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவதுதான் அவர் பிழைப்பு. நட்சத்திரங்களில் ஏறக்குறைய பாதிக்கு ஜோடி உண்டு என்று பாடப்புத்தகமே சொல்கிறது. ஆனால் அவர் தொட்டதெல்லாம் தனிக்கட்டை. இருநூற்றுப் பதினொரு நட்சத்திரங்களைப் பார்த்து, இருநூற்றுப் பதினொரு தடவை "ஜோடி இல்லை" என்று எழுதி வைத்தார். அவர் கை பட்டால் இருக்கிற ஜோடியும் பிரிந்துவிடும் என்று ஆபீசில் பேச்சு. அதை முதலில் கிளப்பிவிட்டதே அவர்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டாவதன் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. அன்று காலை டீயைப் பேனா ஸ்டாண்டில் ஊற்றினார். சாயங்காலம் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

டைரக்டர் மட்டும் அசையவில்லை. "மாசக் கடைசிக்குள்ள ஆய்விதழ்ல ஏத்துக்கிட்டா உங்க பிரிவு இருக்கும். இல்லன்னா மூடிடுவேன். நீங்க பார்வையாளர் கூடத்துல உக்காந்து, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு அட்டை சூரியனைக் காட்டிக்கிட்டு இருக்கலாம்" என்றார்.

கட்டுரையை அவசர அவசரமாக எழுதி, ஆபீஸ் உறையிலேயே போட்டு அனுப்பினார். அதற்கு வந்த பதில்தான் இந்தக் கடிதம். புள்ளி கேமராவில் ஒட்டிய தூசியாக இருக்கலாமாம். எங்கோ வெகு தொலைவில் இருக்கும் சம்பந்தமில்லாத நட்சத்திரமாகவும் இருக்கலாமாம். எழுதிய மதிப்பீட்டாளர் யார் என்று தெரியாது. அந்த ஆய்விதழில் எழுதியவர் பெயரையும் மறைப்பார்கள், மதிப்பிட்டவர் பெயரையும் மறைப்பார்கள்.

"ஏங்க, போன வாரம் நீங்களும் யாரோ ஒருத்தர் கட்டுரையைப் பார்த்து 'அவசரக்குடுக்கை'ன்னு எழுதி அனுப்பினீங்களே?" என்றாள் மனைவி.

"அது வேற. அவன் நிஜமாவே அவசரக்குடுக்கை."

மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டினார். அவனும் வேறு ஏதோ ஒரு நட்சத்திரத்துக்கு ஜோடி கண்டுபிடித்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டிருந்தான். எந்த நட்சத்திரம் என்று ஜோடி சார் தேடிப் பார்க்கவில்லை. ஒரே நட்சத்திரத்துக்கு எட்டுப் பட்டியலில் எட்டு எண் இருக்கும், யார் போய்த் தேடுவது? ஆய்விதழ்க்காரர்கள் தங்கள் பட்டியல் எண்ணைத்தான் போடுவார்கள். படத்தையும் திருப்பி, வெள்ளைத் தாளில் நட்சத்திரத்தைக் கறுப்பாக அச்சடிப்பார்கள். அங்கே ஒரு மொழித்திருத்துநரும் உண்டு. கட்டுரையோ கடிதமோ, அவர் கைக்குப் போனால் எழுதியவனின் கோபமும் குஷியும் போய், இஸ்திரி போட்ட சட்டையாக விறைத்துக்கொண்டு வெளியே வரும்.

"நான் ஜோடி கண்டுபிடிக்கிற நேரம் பார்த்து இவனும் போட்டிக்கு வந்துட்டான்."

"ரெண்டு பேரும் கண்டுபிடிச்சா என்ன? வானத்துல இடமா இல்ல?"

"வானத்துல இருக்கு. ஆய்விதழ்ல இல்ல."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. "நான் அவனைத் திட்டின மறுவாரமே என்னை ஒருத்தன் திட்டுறான். புரியுதா? இந்தக் கட்டுரையை எழுதினவனும் என் கட்டுரையைத் திட்டினவனும் ஒரே ஆள்!"

"பேரே தெரியாம எப்படிச் சொல்றீங்க?"

"இந்த அகம்பாவம் உலகத்துல ஒரு ஆளுக்குத்தான் இருக்க முடியும்."

மறுநாள் ஆபீசில் அந்த ஒரு ஆளையும் கண்டுபிடித்துவிட்டார். எதிர் அறைக்காரர்! இருநூற்றுப் பன்னிரண்டாவது நட்சத்திரத்தின் கோளைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பக்கத்தில் ஜோடி இருப்பது நிஜமானால், அவர் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் என்று கணக்குப் போட்டது இரண்டின் வெளிச்சமாகிவிடும். கோளின் அளவைக் கூட்டித் திருத்த வேண்டும். நோகாதா மனுஷனுக்கு?

எதிர் அறைக்காரர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தட்டை நீட்டினார்.

"பிஸ்கட் இருக்கட்டும். உங்க கோள் பெருத்துடும்னு பயந்துதானே இப்படிப் பண்றீங்க?"

"எப்படிப் பண்றேன்?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்காதீங்க."

"சார், அது பெருத்தா எனக்கென்ன? நானா அதுக்குச் சட்டை தைக்கிறேன்?"

ஜோடி சார், மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு இரவல் கொடுத்திருந்த டேபிள் ஃபேனைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"உங்க பிரிவை மூடக் கூடாதுன்னு இன்னிக்கு டைரக்டர்கிட்ட பேசலாம்னு இருந்தேன்" என்றார் எதிர் அறைக்காரர், வேர்வையைத் துடைத்தபடி. "இனிமே நீங்களே பேசிக்குங்க."

எடுத்த ஃபேனைத் திருப்பி வைக்க ஜோடி சாரின் மானம் இடம் கொடுக்கவில்லை. ஃபேனோடு நேரே கிடங்குக்குப் போனார். ஒன்பது வருடத்துக்கு முன் அதே இடத்தை எடுத்த பழைய படம் அங்கே எங்கோ கிடந்தது. நான்கு நாள் தும்மி, ஐந்தாம் நாள் அதைக் கண்டுபிடித்தார். ஒன்பது வருடத்தில் நட்சத்திரம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. பக்கத்துப் புள்ளியும் அதே பக்கம் அதே மயிரிழை நகர்ந்திருந்தது. தூசி இப்படிக் கூடவே நடக்காது, சம்பந்தமில்லாத நட்சத்திரமும் நடக்காது. ஜோடியேதான்! கிடங்குத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். ஆதாரத்தை ஏழாம் பக்கத்தில் சேர்த்துக் கட்டுரையை மறுபடியும் ஆய்விதழுக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் தபாலில் அந்த அவசரக்குடுக்கையின் கட்டுரையும் திருத்தப்பட்டு, மறு மதிப்பீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"விடமாட்டேங்கிறான் பார்!" முதல் பக்கத்தைப் படித்தார். 'சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது' என்று ஆரம்பித்திருந்தான். அதற்கு மேல் படிக்க ரத்த அழுத்தம் விடவில்லை.

"மிச்சத்தையும் படிச்சுட்டு எழுதுங்களேன்" என்றாள் மனைவி.

"ஒரு சோறு பதம் பார்த்தாச்சு. போதும்."

பேனாவை எடுத்தார். இந்த ஆள் ஒரு வருடத்துக்குத் தொலைநோக்கி இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது, கட்டுரையைக் குப்பையில் போடுங்கள் என்று எழுதினார். உறையை ஒட்டும்போது சீட்டியடித்தார். அன்று குளியலறைக் குழாயைக்கூடச் சரிசெய்தார். ராத்திரி அது முன்னைவிடப் பலமாக ஒழுகியது.

அடுத்த வாரம் டைரக்டர் கூப்பிட்டார்.

"உங்க கட்டுரையை நிராகரிச்சுட்டாங்க. அதோட, கட்டுரையாளருக்கு ஓராண்டு தொலைநோக்கியிலிருந்து ஓய்வளிப்பது நலம்னும் எழுதியிருக்காங்க. சாவியை வெச்சுட்டுப் போங்க. திங்கட்கிழமை அட்டை சூரியன்."

ஜோடி சார் சாவியை மேசைமேல் வைத்தார். வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. செருப்பு மட்டும் அவருடையதாகவே இருந்தது.

"பழிவாங்கிட்டான். நான் ஒரு வருஷம்னு எழுதினேன், அவனும் ஒரு வருஷம்னே எழுதிட்டான்" என்றார். "ஆனா உண்மையைச் சொல்லட்டுமா? அவன் கட்டுரையை நான் முழுசாப் படிக்கவே இல்ல. அவனும் ஒருவேளை என்னை மாதிரி எங்கேயாவது தும்மித் தும்மித் தேடியிருப்பான். வயித்துப் பிழைப்பு அவனுக்கும் இருக்குமில்ல? நான் என்ன மனுஷன்!"

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சண்டையை ஆரம்பிச்சது நீங்க. முதல்ல நீங்க வாபஸ் வாங்குங்க. தானா எல்லாம் சரியாகும்."

ஜோடி சார் ஆய்விதழ் அலுவலகத்துக்குப் போன் போட்டார். தபால் பிரிவு குமாஸ்தா எடுத்தார்.

"நான் மதிப்பீடு பண்ணின அந்த ஜோடி நட்சத்திரக் கட்டுரை இருக்கே, அதைப் பத்தி எழுதினதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன். நான் படிக்காம எழுதிட்டேன். அதை எழுதினவர் பேரை மட்டும் சொல்லுங்க, நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும்."

"பேர் எனக்கே தெரியாது சார். உறை வந்ததுமே நம்பர் ஒட்டி மறைச்சிடுவோம். அந்த விஷயம் தெரிஞ்சவர்னு எங்க லிஸ்ட்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, அதான் உங்களுக்கு அனுப்பினோம்."

"சரி, அவர் கட்டுரை போகட்டும். என் கட்டுரையைப் பார்த்தாரே, அவராவது யாருன்னு..."

மறுமுனையில் பதிவேட்டின் பக்கங்கள் புரண்டன. ஒரு தடவை முன்னே போயின, ஒரு தடவை பின்னே வந்தன.

"எந்தக் கட்டுரை சார்? ஜோடி நட்சத்திரத்தைப் பத்தி இந்த வருஷம் எங்களுக்கு வந்ததே ஒரே ஒரு கட்டுரைதான்."