கட்டை விரலை உள்ளே மடக்கச் சொன்ன பரோட்டா மாஸ்டர்

செஞ்சியில் மனிதர்களை முகம் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளாத ஒரே ஆள், எங்கள் பஸ் ஸ்டாண்ட் பரோட்டா மாஸ்டர்தான். முகத்தைக் காட்டினால் "யாரு?" என்பார். மணிக்கட்டைக் காட்டினால் தொழில், வயசு, கெட்ட பழக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் நரம்பு மாஸ்டர். அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நரம்பு இல்லய்யா, தசைநாண்! தசைய எலும்போட கட்டி வெச்சிருக்கிற கயிறு!" என்று கரண்டியால் கல்லைத் தட்டுவார். இருபது வருடம் மாவு பிசைந்து வீசியதில் ஒருசமயம் அவருடைய வலது முழங்கை, டீ டம்ளரைக்கூடத் தூக்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு அம்மா பொறுமையாக அதைத் தேற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து இவர் பாதி மாஸ்டர், பாதி டாக்டர். ஆனால் கோட்டை ஏறி இறங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டு வரும் வெளியூர்க்காரர்களை மட்டும் திரும்பியும் பார்க்க மாட்டார். "முட்டி நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

நான் தாலுகா ஆபீஸ் எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து மனு டைப் செய்கிறவன். மிச்ச நேரத்தில் எழுத்தாளன். போன வருடம் வலது கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில் ஒரு வலி வந்தது. சட்டைப் பொத்தான் போட்டால் வலி, பல் துலக்கினால் வலி. "எழுதி எழுதி வந்தது" என்று எல்லோரிடமும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டேன். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. நம்பவும் இல்லை.

முதலில் கட்டு போடுகிறவர் ஒருவரிடம் போனேன். முட்டையின் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து இறுக்கிக் கட்டினார். வலி அப்படியே இருந்தது. புதிதாக மூன்று தெருநாய்கள் மட்டும் என்னோடு நடக்க ஆரம்பித்தன.

இந்த நேரத்தில்தான் தங்கச்சி போன் செய்தாள். எனக்கு ஒரே தங்கச்சி. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை. ஆவணியில் அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. "அண்ணா, மாமன் மடியிலதான் உக்கார வைக்கணும். கை முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. சித்தப்பா பையன கேக்கறேன்" என்றாள்.

சித்தப்பா பையன் ஜிம்முக்குப் போகிறவன். எனக்கு அவனைப் பிடிக்காது. அதைவிட, ஒன்பது வருடம் காத்திருந்து வந்த குழந்தையை நான் மடியில் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். "முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த கை வலித்தது.

அன்று சாயங்காலம் கடையில் பரோட்டாவைப் பிய்க்க முடியாமல் குருமாவில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு வந்தார்.

"இன்னா தம்பி, கட்டை விரல் பக்கமா வலியா?"

"ஆமா மாஸ்டர்."

"கட்டை விரல உள்ள மடக்கி கைய மூடு. இப்ப சுண்டு விரல் பக்கமா மணிக்கட்ட சாய்."

சாய்த்தேன். நான் போட்ட சத்தத்தில், வெளியே நகர்ந்துகொண்டிருந்த திண்டிவனம் பஸ் நின்றது. யாரோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டதாக டிரைவர் நினைத்துவிட்டாராம்.

"எழுதி எழுதி வந்தது மாஸ்டர்" என்றேன், அந்த நிலையிலும் விட்டுக்கொடுக்காமல்.

"எழுதறவன் ரெண்டு கையாலயும் தட்டுவான். உனுக்கு ஒரு கைதான் போயிருக்குது. செல்போன ஒத்தைக் கையில புடிச்சி, கட்டை விரலால தள்ளித் தள்ளி வீடியோ பாக்குற. சரியா?"

கடையில் இருந்த பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குருமாவைப் பார்த்தேன்.

அத்தோடு விட்டாரா? பாடம் எடுத்தார். "பாவாடையில நாடா ஓடுதுல்ல? அந்த மாதிரி கட்டை விரல் கயிறு ரெண்டு இங்க ஒரு குழாய்ல ஓடுது. துணி தடிச்சிப் போச்சின்னா நாடா ஓடாது. இழுத்தா வலிக்கும். உன் பாவாடை தடிச்சிப் போச்சி." பக்கத்து மேசையில் ஒரு அம்மாவுக்குப் புரையேறியது. "தேய்க்காத, சுளுக்கு எடுக்காத. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. நான் பரோட்டா போடுறவன்."

ஆஸ்பத்திரியில் அந்த பிசியோதெரபி அம்மா என் கையைத் தொடுவதற்கு முன்பே, "மாஸ்டர் அனுப்புனாரா?" என்று கேட்டார். கட்டை விரல் அசையாமல் பிடித்துக்கொள்ளும் பட்டை ஒன்று கொடுத்தார். கிள்ளுவது, பிழிவது, போன் தள்ளுவது எதுவும் கூடாது. வலி தணிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் திரும்ப வரும் என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு மணிக்கட்டு தேவையில்லை.

மேற்பார்வை மாஸ்டருடையது. கடைக்குள் நுழைந்ததும் என் போனை வாங்கி மைதா டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவார். வலி குறைந்ததும் பயிற்சி ஆரம்பமானது. தண்ணீர் பாட்டிலை இடது கை உதவியோடு மேலே கொண்டுவர வேண்டும், வலது மணிக்கட்டால் மட்டும் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். "ஏத்தறதுல ஒண்ணுமில்ல. எறக்கறதுலதான் விஷயம் இருக்குது" என்று சொல்லி, பரோட்டாவைத் திருப்பிக்கொண்டே எண்ணுவார். நாளடைவில் சாப்பிட வந்தவர்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். பார்சல் வாங்க வந்த ஒருவர், பதினைந்து முடியும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. விசேஷத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒத்திகை பார்க்கலாம் என்று குழந்தை எடைக்கு ஒரு பூசணிக்காய் வாங்கிவந்தேன். கட்டை விரலை விரித்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடந்தேன். அங்கே சுரீர் என்றது. பூசணிக்காய் தெருவில் விழுந்து சிதறியது.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். "யாருக்கு திருஷ்டி சுத்துனீங்க? இன்னிக்கி அமாவாசை கூட இல்லியே?"

"எனக்குத்தான்க்கா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கா?" என்றார். கை வலியை விட அது அதிகம் வலித்தது.

விஷயம் மாஸ்டர் காதுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் கேட்காமலே பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டு, ஸ்பூனோடு அனுப்பினார். அதைவிடப் பெரிய அவமானம் செஞ்சியில் கிடையாது. மூன்றாம் நாள் நான் போய், "தப்புதான் மாஸ்டர். குழந்தைய தூக்கணும், அதான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று உள்ளே போனவர், ஈரத்துணி போர்த்தி வைத்திருந்த பரோட்டா மாவைத் துணியோடு எடுத்துவந்தார். "அக்குள்ல கட்டை விரல குடுத்துத் தூக்காத. உள்ளங்கை மேல பாக்கணும். முன்னங்கை மேல ஏத்திக்கோ. பாரம் முழங்கைக்குப் போவணும், மணிக்கட்டுக்கு இல்ல."

முதலில் சும்மா பார்க்கத்தான் விட்டார். மறுபடி வலி தணிந்த பிறகு, சின்ன உருண்டையில் ஆரம்பித்து, தினமும் கொஞ்சம் மாவு கூட்டிக் கையில் கொடுத்தார். நான் அதைச் சுமந்துகொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் கேட்கவில்லை.

ஆவணி ஞாயிற்றுக்கிழமை குழந்தை என் மடிக்கு வந்தாள். சித்தப்பா பையன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். மொட்டையடிக்கும்போது திமிறினாள். காது குத்தும்போது உடம்பையே வில்லாக வளைத்து அலறினாள். என் முன்னங்கை அசையவில்லை. வலிக்கவும் இல்லை. குழந்தை அழுதாள், தங்கச்சி அழுதாள், காரணமே இல்லாமல் நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பந்தலின் கடைசியில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். வியாபாரம் கொழிக்கும் ஞாயிற்றுக்கிழமையில், கல்லை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கூட்டம் சாப்பிடப் போனதும் குழந்தையை அவரிடம் நீட்டினேன்.

"வேணாம்பா. கையெல்லாம் காய்ச்சிப் போயிருக்குது, பாப்பாவுக்குக் குத்தும்."

நான் விடவில்லை. தயங்கித் தயங்கி முன்னங்கையில் வாங்கிக்கொண்டார். குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்க கை இப்ப எப்படி இருக்குது?"

"சாயங்காலமானா புடிச்சிக்கும்" என்றார், குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரும் கேட்டதில்லப்பா."

இரண்டு மாதமாகத் தினமும் அவர் முன்னால் உட்கார்ந்து என் கட்டை விரலைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போதெல்லாம் கடைக்குப் போனால் முதலில் அவர் கையைத்தான் விசாரிக்கிறேன். பரோட்டா அதற்கப்புறம்தான்.