காய்ச்சல் விடுமுறையில் நூறு சதவீதம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்திருக்கிறது என்றால், அது எங்கள் கல்வித் துறை 'திறந்த கதவு' என்ற இணையதளத்தைத் தொடங்கியதுதான். நெருப்பு குளிரை மட்டும்தான் போக்கியது. 'திறந்த கதவு' ஆசிரியரையே போக்கிவிடும் வல்லமை படைத்தது. நான் கேலி பேசவில்லை. ரோடோபி மலையில் கோர்னா ப்ரேஸா என்கிற பல்கேரியக் கிராமத்தில், நான்கு வகுப்புகளை ஒரே அறையில் வைத்து இருபத்தேழு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஸ்தானிமிரா நான். மாவட்டத்திலேயே அந்தத் தளத்தை 'முழுமையாக' பயன்படுத்திய முதல் ஆசிரியை. சான்றிதழ் இருக்கிறது.

தளத்தில் கிடைக்காதது எதுவுமில்லை. ஆடு எப்படி இருக்கும் என்று ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு ஆடு இருக்கிறது. விரலால் தள்ளினால் சுற்றும். உள்ளே நுழையும் கடவுச்சொல் மாதாமாதம் மாறும், புதியது கைபேசிக்கு வரும். எங்கள் ஊரில் கல்லறை மேட்டைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடையாது. ஆகவே மாதம் ஒருமுறை அங்கே ஏறிப் போகிறேன். காலமான கணவர்மேல் எனக்கு இருக்கும் பாசத்தை ஊரே மெச்சுகிறது. அவரும் அங்கேதான் இருக்கிறார் என்பதால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

இணையக் கம்பி வந்திருப்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டும். கரும்பலகைக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

பள்ளியில் ஒன்பது பிள்ளைகள். இவ்வளவு சின்னப் பள்ளி இன்னும் மூடப்படாமல் இருப்பது, 'பாதுகாக்கப்பட்ட பள்ளிகள்' பட்டியலில் அதன் பெயர் இருப்பதால்தான். பெயர் போனால் பள்ளி போய்விடும். பிள்ளைகள் காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து ஏறி, கணவாயைத் தாண்டி முப்பத்திரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டாம் வகுப்பு வெலினாவுக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். "பள்ளிக்கூடத்தை மூடினா நாங்களும் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவோம் டீச்சர்" என்று அவளுடைய அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஜனவரியில் வழக்கம்போல மாவட்டம் முழுவதற்கும் காய்ச்சல் விடுமுறை அறிவித்தார்கள். நகரத்தில் பாதிப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு மூக்குகூட ஒழுகவில்லை. ஆனாலும் சட்டம் எல்லாருக்கும் ஒன்று. அந்தக் காலத்தில் காய்ச்சல் விடுமுறை என்றால் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுவார்கள். அந்த அநாகரிகத்துக்கு இந்த வருடம் துறை முற்றுப்புள்ளி வைத்தது. பள்ளிக் கட்டடத்துக்குள் ஆசிரியரோ மாணவரோ கால் வைக்கக் கூடாது. ஐந்து நாளும் 'திறந்த கதவு' வழியாக வகுப்பு நடக்கும். இணைப்பு, அதாவது தளத்தில் பிள்ளைகளின் வருகை, தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே போகும் பள்ளிகளின் 'பாதுகாப்பு' மறுபரிசீலனை செய்யப்படும்.

மளிகைக் கடைத் தொலைபேசியிலிருந்து மாவட்ட அலுவலகத்தின் மூத்த நிபுணர் போன்ச்சேவைக் கூப்பிட்டேன்.

"சார், எங்க ஊர்ல இணையம் பள்ளிக்கூடத்துல மட்டும்தான் இருக்கு."

"நல்லதாப் போச்சு மேடம். அதையே பயன்படுத்துங்க."

"பள்ளிக்கூடம் பூட்டியிருக்கே சார்."

"பூட்டித்தான் இருக்கணும். தொற்று நோய் இல்லையா?"

"அப்ப பிள்ளைங்க எப்படி இணையறது?"

"இணையத்துலதான்."

"வெளிய சுவரோரமா நின்னா கொஞ்சம் கிடைக்கும் சார்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மனிதர் கடமை தவறாதவர், சுற்றறிக்கையை முழுக்க வாசித்தார். "வெளிப்பக்கத்தைப் பத்தி இதுல ஒண்ணும் சொல்லல மேடம். அப்ப தடையில்லைன்னு எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு, நீங்களும் பிள்ளைங்களும் ஒரே படத்துல தெரியக் கூடாது. தெரிஞ்சா அது நேரடி வகுப்பு. கணக்குல சேராது."

திங்கட்கிழமை காலை, பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரியில், எங்கள் தொலைநிலைக் கல்வி தொடங்கியது. பள்ளி இணையத்தின் சிக்னல் மூலையோர ஜன்னலுக்குக் கீழே நான்கடி அகலத்துக்கும், மூலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கும் மட்டும் கசிந்தது. துறை கொடுத்த ஒன்பது பலகைக் கணினிகளில் ஐந்து மூன்று மாதமாக 'புதுப்பிக்கப்பட்டு வருகின்றன'. மீதி நான்கைச் சுற்றி ஒன்பது பிள்ளைகளும் ஒரே கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். வகுப்பறையில் என்றால் ஆளுக்கொரு பெஞ்சு. துறையின் தயவால் அன்றுதான் அவர்களுக்குள் அவ்வளவு நெருக்கம் ஏற்பட்டது.

நான் விதிப்படி சுவர் மூலைக்கு அந்தப் பக்கம் நின்று என் கணினியைப் பார்த்துப் பேசினேன். என் குரல் முதலில் மூலையைத் தாண்டிப் போகும். நான்கு நொடி கழித்து அதே குரல் அவர்களுடைய கணினியிலிருந்து வரும்.

"டீச்சர், நீங்க எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்றீங்க" என்றாள் வெலினா.

"முதல் தடவ சொல்றத காதுல வாங்காதம்மா. அது நேரடி வகுப்பு."

"அப்ப காதப் பொத்திக்கவா?"

"நாலு எண்ணற வரைக்கும் பொத்திக்க."

ஒன்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டு எண்ணினார்கள். முதல் வகுப்புப் பையன்களுக்குக் கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்தது.

உள்ளே போக அனுமதி பெற்ற ஒரே ஆள் பள்ளிக் காவலர் மின்கோ. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடாமல் அடுப்பு எரிய வேண்டும் என்று துறைக்கே அக்கறை உண்டு. ஜன்னல் வழியே பார்த்தால் அடுப்பு செக்கச்செவேலென்று எரியும், அதன் முன்னால் ஒன்பது காலி பெஞ்சுகள் சுகமாகக் குளிர்காயும்.

மின்கோ ஜன்னலைத் திறந்து லிண்டன் பூத் தேநீரை நீட்டினார். "டீச்சரம்மா, எனக்குப் படிப்பு கிடையாது, தெரியாமத்தான் கேக்கறேன். குழாய்க்குச் சூடு வேணும், பிள்ளைங்களுக்கு வேண்டாமா?"

"குழாய் வெடிச்சா செலவு யாரு தர்றது?"

"அதுவும் சரிதான்" என்று தலையில் அடித்துக்கொண்டு ஜன்னலை மூடினார்.

புதன்கிழமைப் பாடம், 'காய்ச்சலைத் தடுப்போம்'. வெள்ளைக் கோட்டு போட்ட அம்மையார் ஒருவர் திரையில் தோன்றி, குளிரில் நிற்காதீர்கள், நெருக்கியடித்துக் கூடாதீர்கள் என்று புன்னகையோடு சொன்னார். கம்பளிக்குள்ளிருந்து அனைவரும் பயபக்தியோடு கேட்டார்கள். முடிவில் ஒரு கேள்வி: 'நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்? வெதுவெதுப்பான அறையில். சமையலறையில். பெற்றோர் அருகில்.' ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். அடுத்த பக்கம் வந்தால்தான் இணைப்பு கணக்கில் ஏறும்.

"டீச்சர், சுவரோரமா இருக்கறவங்க எதத் தொடணும்?"

மூலைக்கு இந்தப் பக்கம் நின்று அந்த மூன்று விடைகளையும் மறுபடி படித்தேன். பிறகு சொன்னேன்: "வெதுவெதுப்பான அறை. அதத் தொடும்மா."

"பொய் சொன்னாத்தான் அடுத்த பக்கம் திறக்குமா டீச்சர்?"

இதை அவளும் இரண்டு முறை கேட்டாள். நேரில் ஒரு தடவை, நான்கு நொடி கழித்து என் கணினியில் ஒரு தடவை. இரண்டு தடவையும் எனக்கு வெட்கமாக இருந்தது.

விடுமுறை விட்டதால் இன்னொரு நன்மையும் விளைந்திருந்தது. நகரத்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் ஊர் அண்ணன்மார் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வியாழக்கிழமை கம்பளிக்குள் ஒரு இருமல் கேட்டது. வெள்ளிக்கிழமை ஒன்பது இருமல். ஆனாலும் ஒரு பிள்ளைகூட வராமல் இருக்கவில்லை. வெலினாவை அவளுடைய அம்மா ஆட்டுத்தோல் கோட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். "இன்னிக்கு ஒரு நாள்தானே டீச்சர், பட்டியல்ல இருந்து பேரு போயிடக் கூடாது" என்றாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. அவள் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தது நான்தான்.

இணைப்பு நூறு சதவீதம்.

சனிக்கிழமை வெலினாவை நுரையீரல் அழற்சி என்று மாவட்ட மருத்துவமனையில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை போன்ச்சேவ் கடைக்கு அழைத்தார். எங்கள் பள்ளியின் பாதுகாப்பை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்களாம்.

"ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்கா சார்."

"அடடா. அங்க இணையம் நல்லா வருமே மேடம். இடம் இருந்தா மத்த பிள்ளைங்களையும்..." என்று தொடங்கியவர், தன் யோசனையில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றியதோ என்னவோ, நிறுத்திக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

வெலினா பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அதற்குள் 'சிறந்த செயல்முறைகள்' என்ற இணையக் கூட்டத்தில் பேச எனக்கு அழைப்பு வந்திருந்தது. நாற்பத்தாறு பள்ளிகள் கேட்டுக்கொண்டிருந்தன. நூறு சதவீதம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று விளக்கச் சொன்னார் போன்ச்சேவ்.

நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அடுப்பு எரியற அறையைப் பூட்டி வச்சோம். பிள்ளைங்கள பனியில நிக்க வச்சோம். சூடான அறையில இருக்கறதா அவங்கள எழுத வச்சோம். காய்ச்சல் வந்ததுக்கு அப்புறமும் நிறுத்தல. வேற ஒண்ணும் பெரிசா செய்யல."

நாற்பத்தாறு சின்னச் சதுரங்களிலும் தலைகள் குனிந்தன. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அருமை! எவ்வளவு எளிமை பாத்தீங்களா!" என்றார் போன்ச்சேவ். "இத அப்படியே தளத்துல ஏத்திடறோம்."

அப்போது ஏதோ ஒரு மலைப் பள்ளியிலிருந்து, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் போல, ஒருத்தி கை தூக்கினாள். "மேடம், ஒரே ஒரு சந்தேகம். பிள்ளைங்க குளிர்ல நின்னப்ப பள்ளிக்கூடத்துச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"கேள்வி நேரம் முடிஞ்சிருச்சு" என்று போன்ச்சேவ் அவளுடைய ஒலியை அணைத்தார். என் ஒலியையும் சேர்த்து அணைத்துவிட்டார். நான் சொன்ன பதில் யாருக்கும் கேட்டிருக்காது.

மின்கோவிடம் இருந்தது பின்கட்டுச் சாவி. வாசல் கதவின் சாவி, அந்த ஐந்து நாளும், என் கோட்டுப் பையில்தான் இருந்தது.