கார் ஷெட்டுக்கு ஒரு பீரோ

மெட்ராஸில் நகைக்காகப் பீரோ வாங்கியவர்கள் உண்டு, பட்டுப்புடவைக்காக வாங்கியவர்கள் உண்டு. வீட்டுக் கார் ஷெட்டில் வைப்பதற்கென்று பூட்டுப் போட்ட இரும்புப் பீரோ தேடி, பாண்டி பஜாரையே நடுங்க வைத்தவர் ஸ்பானர் மாமா ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே மாமாவும் மாமியும். பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட், அதற்குள் அவருடைய ஆதிகாலத்துக் கார். அந்தக் கார் ஓடிய நேரத்தைவிடக் கழற்றிப் பரப்பப்பட்டுக் கிடந்த நேரம்தான் அதிகம். ஆபீஸ் விட்டு வந்ததும் காபியைக் குடித்துவிட்டு மாமா காருக்கு அடியில் போய்விடுவார். வருகிறவர்கள் வெளியே தெரியும் இரண்டு கால்களோடுதான் பேச வேண்டும்.

யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தெருவில் எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும், ஜன்னல் கொக்கி கழன்றாலும் நேரே ஷெட்டுக்குத்தான் வருவார்கள். மாமா ஸ்பானரைத் துடைத்து, அதன் குலம் கோத்திரமெல்லாம் சொல்லி, பெண்ணைத் தாரை வார்ப்பதுபோல் எடுத்துக் கொடுப்பார். போனது புக்ககமே கதியென்று இருந்துவிடும். காரைத் தூக்கும் ஜாக்கியைத் திருப்பி வாங்கக் கோடி வீட்டுக்குப் போனவர், காபி சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"கட்டில் கால் உடைஞ்சுடுத்தாம். ஜாக்கியை முட்டுக் கொடுத்திருக்கா. மேல பெரியவர் படுத்துண்டிருக்கார். எப்படி உருவறது சொல்லு?" என்றார் என்னிடம்.

அந்த வாரமே அவருடைய கார் அடையாறு பாலத்தில் பஞ்சராகி நின்றது. ஜாக்கி இல்லை. உள்ளே கல்யாணத்துக்குக் கிளம்பிய மாமி, பட்டுப்புடவையும் பூவுமாக. கூட்டத்தில் பஸ் பிடித்து வீடு திரும்பிய மாமி, வாசற்படி ஏறுவதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"இனிமே ஒரு சாமான் தொலைஞ்சாலும் கார் புதுப்பேட்டைக்குப் போயிடும். ஆள் கூட்டிண்டு வந்து நானே ஏத்தி அனுப்பறேன்."

பழைய கார்களை அக்கு அக்காகப் பிரித்து விற்கிற இடம் புதுப்பேட்டை. மாமி சொன்னால் செய்கிறவள்.

சாமான்களை வைத்துப் பூட்ட ஒரு பீரோ வாங்க, மறுநாளே மாமா என்னை இழுத்துக்கொண்டு தி.நகர் கிளம்பினார். கடைக்காரர்கள் பாவம், நிலைக்கண்ணாடி வைத்த பீரோவாகக் காட்டினார்கள். உள்ளே நகைக்குத் தனி லாக்கர் இருக்கிறது என்றார்கள். கிரீஸ் டப்பா அதில் நிற்குமா என்று மாமா கேட்டார். தகட்டில் காதை வைத்து விரலால் தட்டிப் பார்த்தார். கதவைத் தோளால் இடித்துப் பார்த்தார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து மாமியின் கொண்டை ஊசியை எடுத்துப் பூட்டுக்குள் விட்டு ஒரு திருகு திருகுவார். கதவு திறந்துகொள்ளும். "இதுக்கு எதுக்கு ஓய் சாவி?" என்று உரக்கக் கேட்டுவிட்டு அடுத்த பீரோவுக்குப் போவார்.

திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நீங்க வாங்கக்கூட வேண்டாம். அந்த ஊசியப் பையில போட்டுட்டு வெளிய வந்துருங்க. சீர் வரிசைக்குப் பீரோ பாக்க வந்தவங்க எந்திச்சுப் போறாவ."

உஸ்மான் ரோட்டில் ஒரு கடையில் ஊசி இரண்டாக முறிந்தது. மாமா அந்தப் பீரோவை அப்படியே கட்டிக்கொண்டார்.

பீரோ வீடு வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். தூறல் வேறு போட ஆரம்பித்தது. ஷெட்டில் கால் வைக்க இடமில்லாமல் காரின் குடல் முழுவதும் பரப்பிக் கிடந்தது. இடம் ஒழிக்கிற வரைக்கும் ஹாலில் இறக்கி வை என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு மாமா ஷெட்டுக்குப் போனார். அங்கேதான் மனிதர் தப்புப் பண்ணினார்.

திரும்பி வந்து பார்த்தால் பீரோவின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் மல்லிகைச் சரம். எதிரே குத்துவிளக்கு. மாமி கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது ஷெட்டுக்குடி," என்றார் மாமா.

"வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சப்பறம் ஆத்துக்குள்ள வந்த லக்ஷ்மியை யாராவது வெளில தள்ளுவாளா?"

மாமா வண்டிக்காரரைப் பார்த்தார். "நம்மால ஆவாது சாமி. பொட்டு வெச்சாச்சு, இனிமே அது இங்கதான் கீது," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை இரும்பை நகர்த்தக் கூடாது என்றாள் மாமி. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மேல் தட்டுகளில் பட்டுப்புடவைகள் குடியேறியிருந்தன. வேறு வழியில்லாமல் ஸ்பானர்களைப் பழைய வேட்டியில் சுற்றிக் கீழ்த்தட்டில் அடுக்கினார் மாமா. சாவி மாமியின் இடுப்பில் ஏறியது.

அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் மாமியைத்தான் கேட்க வேண்டும். எதற்கு, எத்தனை நேரத்துக்கு, போன தடவை கொண்டுபோனது எங்கே என்று மாமி கேட்கிற கேள்விகளில் ஆளுக்கு வேர்த்துவிடும். ஒரே மாதத்தில் எல்லோரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு திருகாணிகூடத் தொலையவில்லை. காருக்கும் ஆபத்தில்லை. மாமா ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் ஷெட்டைத் தாண்டிப் போனபோது அவர் காருக்கு அடியில் இல்லை. யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தபடி, கவிழ்த்த டின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, உன் ரூம்ல ஏதாவது ஆடறதா? கழண்டுண்டிருக்கா?"

"இல்லை மாமா, எல்லாம் நன்னாத்தான் இருக்கு," என்றேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மாடிக்குப் போய், காலண்டர் மாட்டியிருந்த ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். சுவரிலிருந்து ஒரு பிடி காரையும் சேர்ந்து உதிர்ந்தது. கீழே வந்து மாமியிடம் சுத்தியல் கேட்டேன். அவளுடைய கேள்விகளுக்குப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். மாமி என் கையிலிருந்த ஆணியையும், விரல்களில் ஒட்டியிருந்த சுண்ணாம்பையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ அடிக்காதே. அவரை மேல அழைச்சுண்டு போ," என்றாள். "நிதானமா அடிக்கட்டும். காபியை அங்கேயே கொண்டு வரேன்."