ஒரு மில்லிமீட்டர் தகராறு

மேட்லாக்,
திங்கட்கிழமை மாலை.

மதிப்புக்குரிய மைத்துனர் செட்ரிக் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் லெனார்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், காரும் நலம். கேரவன், தங்கள் தங்கை மியூரியல் ஆகிய இரண்டின் நலம் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். தங்கள் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்றும், கட்டுப் பிரிக்கும்வரை தபால்களைப் பக்கத்து வீட்டு மிஸஸ் பாட்டர்ஸ்பி படித்துச் சொல்கிறார் என்றும் அறிந்து மகிழ்ந்தேன். அந்த அம்மாளுக்கு என் வணக்கம். இதில் வரும் குடும்ப விஷயங்களை அவர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட வேண்டும்.

சென்ற வாரம் லௌத் ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் புல்வெளியில் காருக்குப் பின்னால் சக்கர வீட்டை இழுத்துத் திரியும் பழைய கேரவன்காரர்கள் கூடினோம் அல்லவா, அதில் 'கேரவனை இழுக்கும் சாதனங்களின் வரலாறு' என்று நான் பேசுவதாக ஏற்பாடு. பேச்சுக்காக ஆறு மாதம் பாடுபட்டேன். ஆரம்பத்தில் வெறும் வளையமும் அதில் செருகும் இரும்பு ஊசியும்தான், வண்டி குலுங்கினால் ஊசி எகிறிவிடும், கேரவன் தன்னிஷ்டத்துக்குப் பள்ளத்தைப் பார்க்கப் போய்விடும், பிறகுதான் காரின் பின்னால் ஒரு இரும்புப் பந்து, கேரவனின் மூக்கில் அதைக் கவ்வும் கிண்ணம் என்று வந்தது, அந்தப் பந்து சுத்தமான இரண்டு அங்குலம், அதைத்தான் நம் ஆட்கள் இத்தனை காலம் கட்டி இழுத்தார்கள், இப்போது யாரோ மில்லிமீட்டர்காரர்கள் வந்து ஐம்பது என்று ஆக்கிவிட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கூட்டமும் நன்றாகத்தான் இருந்தது, மழை வந்ததால் கூடாரத்தை விட்டு யாரும் வெளியே போக முடியவில்லை.

அப்போதுதான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தெல்மா வாயைத் திறந்தாள். லிங்கன் ஊர்க்காரி, கணவனை இழந்தவள், எங்களுக்கு அடுத்த இடத்தில் புத்தம் புதுக் காரும் கேரவனுமாக இறங்கியிருந்தவள். பழைய கேரவன் கூட்டத்துக்குப் புதுக் கேரவனோடு வந்ததிலேயே அவள் குணம் தெரியவில்லையா?

"லெனார்ட், ரெண்டு அங்குலத்துக்கும் அம்பது மில்லிமீட்டருக்கும் எவ்வளவுதான் வித்தியாசம்?" என்றாள்.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று உண்மையைச் சொன்னேன்.

"ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாததுக்கா இந்த மழையில முக்கால் மணி நேரம்?"

கூடாரமே சிரித்தது. சிரித்தவர்களில் யார் குரல் ஓங்கிக் கேட்டது என்று நினைக்கிறீர்கள்? தங்கள் தங்கையின் குரல்தான். அந்த அரிசி முனையளவு வித்தியாசம் போதும், ஐம்பது மில்லிமீட்டர் கிண்ணம் இரண்டு அங்குலப் பந்தின்மேல் உட்காரவே உட்காராது என்று நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கிளம்பும் நேரத்தில் மியூரியல் பழைய பல்லவியை எடுத்தாள். மூக்கிலுள்ள கிண்ணத்தை ஐம்பதுக்கு மாற்றிவிட்டால் ஊரில் எந்தக் காரும் நம் கேரவனை இழுக்கும், உங்கள் கார் மக்கர் செய்யும்போதெல்லாம் நடுரோட்டில் நின்று டீ போட வேண்டியிருக்காது என்றாள். ஐம்பத்தாறாம் வருடத்துக் கேரவனில் மில்லிமீட்டரா, என் உயிருள்ளவரை நடக்காது என்றேன். எனக்கும் சூடு ஏறிவிட்டது. அவள் பேச்சை நிறுத்தினாள். கோபம் வந்தால் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காராமல் பின்சீட்டில் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொள்வது அவள் வழக்கம் என்பது தங்களுக்குத் தெரியும். தலையணையும் கம்பளியும் பின்சீட்டுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து, பேச்சுக்கு வராத ஒருவர் வந்து இழுவைக் கொக்கியைக் காட்டச் சொன்னார். மாட்டியிருந்ததைக் கழற்றி, கேரவனைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பந்தைத் துடைத்துக் காட்டினேன். அவர் போனதும் வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. மியூரியல் பின்னால் நின்று கொக்கியையும் விளக்குகளையும் பார்த்துவிட்டு, காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். முப்பத்தொரு வருடமாக அந்த இரண்டு தட்டு இல்லாமல் நான் கிளம்பியதில்லை. அன்றும் தட்டு விழுந்தது. பின்சீட்டில் கம்பளி மேடாகத் தெரிந்தது, ஏறிப் படுத்துவிட்டாள் என்று நான் கிளம்பிவிட்டேன். பக்கத்தில் தன் காரின் டிக்கியை மூட முடியாமல் தெல்மா இரண்டு முறை அறைந்து சாத்திய சத்தம் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

மியூரியல் அந்நேரம் கேரவனுக்குள் பீங்கான் அலமாரியைத் தாழிட்டுக்கொண்டிருந்தாளாம்.

காரில் இருப்பவை அந்தக் காலத்துக் கண்ணாடிகள். அவற்றில் வேலியும் கொஞ்சம் வானமும் தெரியும், கேரவன் தெரிய வேண்டுமென்றால் வண்டி வளைய வேண்டும். வழி நெடுக இழுவை அத்தனை சுகமாக இருந்தது, மேடு வருவதும் தெரியவில்லை இறங்குவதும் தெரியவில்லை. பார்த்தாயா, இதுதான் இரண்டு அங்குலத்தின் மகிமை என்று பின்சீட்டைப் பார்த்துச் சொன்னேன். பதில் இல்லை. கூடாரத்தில் தெல்மா குறுக்கிட்டதால் விட்டுப்போன பிரேக் வரலாற்றையும், ஆட்டத்தை அடக்கும் பட்டைகளின் வரலாற்றையும் முழுதாகச் சொன்னேன். ஒரு இடத்திலும் மறுத்துப் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு இணக்கமாக நாங்கள் பயணம் செய்ததே இல்லை. நியூவார்க் தாண்டி நிறுத்தி ஹாம் ரொட்டியில் பாதியைப் பின்னால் நீட்டினேன், எடுக்கவில்லை, கோபம் போகவில்லை போலிருக்கிறது என்று அதையும் நானே சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து கம்பளியைத் தூக்கினால் தலையணை. கேரவனிலாவது இருப்பாளா என்று பின்பக்கம் போனால் கேரவனும் இல்லை. கழற்றிக் காட்டியதைத் திரும்ப மாட்டவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

புல்வெளிக் காவலருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் காசு எகிறிவிட்டது. மியூரியல் மதியம்வரை கேரவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தாளாம், பிறகு தெல்மாவும் அவளுமாக இரண்டு போல்ட்டைக் கழற்றி மூக்கிலுள்ள கிண்ணத்தை ஐம்பது மில்லிமீட்டராக மாற்றிவிட்டார்களாம், தெல்மாவின் கார் தன் கேரவனை அங்கேயே விட்டுவிட்டு எங்கள் கேரவனை இழுத்துப் போயிற்றாம். எனக்குச் செய்தியும் சொல்லிவைத்திருக்கிறாள்.

"கிண்ணத்தை மாத்தியாச்சு. பந்தை மாத்திட்டு வந்தா வரச் சொல்லுங்க. இல்லாட்டி அந்தத் தலைகாணியோடயே குடும்பம் நடத்தட்டும்."

மைத்துனரே, அவள் லிங்கனில் தெல்மா வீட்டில்தான் இருக்க வேண்டும். தாங்கள்தான் மூத்தவராக ஒரு வரி எழுதி அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வீடு வீடாக இல்லை. ஆனால் பந்தை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். அது கொள்கை, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதும்போது வேறு சில விஷயங்கள் அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும். அவளுடைய கல்யாணத்துச் சர்க்கரைக் கிண்ணத்தில் இப்போது பந்துக்குத் தடவும் கிரீஸ் இருக்கிறது. லௌத்தில் நான் வாங்கிய இன்னொரு துருப்பிடித்த கொக்கி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, வாங்கியபோது அதை எலிப்பொறி என்று சொல்லியிருந்தேன். புல்வெளி சரிவாக இருந்ததால் சக்கரத்துக்கு அடைக் கட்டையாக வைத்தது அவள் செய்த பழக்கேக். பசு தின்றுவிட்டது என்று சொன்னது பொய்.

இவ்வளவு எழுதியதற்கு மன்னிக்கவும். இப்போது வீட்டில் பேச ஆள் இல்லை. தங்கள் கண் சீக்கிரம் தெளிந்து தாங்கள் விட்பிக் கடலைப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மிஸஸ் பாட்டர்ஸ்பிக்கு மறுபடியும் நன்றி சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
லெனார்ட் கிம்பர்.

பின்குறிப்பு (செவ்வாய்க் காலை): கவரை ஒட்டும் நேரத்தில் தங்கள் அஞ்சலட்டை வந்தது. 'மிஸஸ் பாட்டர்ஸ்பி மகள் வீட்டுக்குப் போய்விட்டார், நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார்' என்று இருந்தது. எழுத்து மியூரியலுடையது. கேரவன் விட்பியில் தங்கள் வாசலில் நிற்கிறது, தபால்களைப் படித்துச் சொல்வதும் அவள்தான் என்று அதிலிருந்து புரிந்தது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே, மியூரியல், இவ்வளவு நேரம் உன் அண்ணனுக்கு இதை நீதான் சத்தமாகப் படித்திருக்கிறாய். கேக்கைப் பற்றிச் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொள், அந்தச் சரிவில் வேறு எதுவும் தாங்கியிருக்காது. கொள்கை என்று எழுதியிருக்கும் பத்தியை மட்டும் அண்ணனுக்கு இன்னொரு முறை படித்துக் காட்டு, இருவரும் சிரிக்கலாம். ஏனென்றால் இன்று காலை கடை திறந்ததும் போய் ஐம்பது மில்லிமீட்டர் பந்து வாங்கி வந்து மாட்டிவிட்டேன். பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெல்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

சனிக்கிழமை வருகிறேன். கேரவனை மாட்டிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் நீ இரண்டு தட்டுத் தட்டி, வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, நான் அதைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பேன்.