கருப்புக் கறை

"மது, சீக்கிரம் வா! பையன் கருப்பாப் போயிருக்கறான்!"

குமரகுருவின் கத்தல் பக்கத்துக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த அவனுடைய விசைத்தறிகளின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான்கு மாதக் கவின் மட்டும் அசரவில்லை. அப்பாவைப் பார்த்துப் பொக்கைவாய் விரித்துச் சிரித்தான்.

மதுமதி ஓடிவந்து, குழந்தைக்குக் கட்டியிருந்த, தங்கள் தறியில் நெய்த கரைபோட்ட வெள்ளைத் துண்டைப் பார்த்தாள். ஈரத்தோடு கருப்பு திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது.

"நீ இரும்புச்சத்து மாத்திரை முழுங்கறியல்ல, அது பால்ல எறங்குது."

"பால் குடுக்கறவங்க சாப்பிடோணும்னு நர்சம்மாதானுங்க குடுத்தாங்க."

"அவங்களுக்கென்ன? புள்ள நம்முளுது. நிறுத்து!"

நிறுத்தினாள். மறுநாளும் கருப்பு. மல்லசமுத்திரத்திலிருந்த அக்கா முத்தாயம்மாளுக்குப் போன் போட்டான்.

"முருங்கக்கீரையிலயும் இரும்பு இருக்குதல்ல சாமி," என்றாள் அக்கா.

கீரை நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று கால்சியம் மாத்திரையும் அவன் சட்டைப்பைக்குள் போனது. பேரீச்சம்பழத்தை நிறத்தைப் பார்த்தே நிறுத்தினான்.

"வெறும் ரசஞ்சோத்துல பால் எப்படீங்க ஊறும்?" மதுமதிக்கு எழுந்தாலே கிறுகிறுத்தது.

கருப்பு அசையவில்லை. ஒருவேளை கிருமியோ என்று பயந்து, தன் தறியில் நெய்த புதுத் துண்டுகளைக் கட்டோடு தூக்கிவந்தான்.

"ஒருக்கா கட்டுனத மறுக்கா கட்டாத. ரெண்டு ரெண்டாக் கட்டு."

அன்று கருப்பும் ரெண்டு பங்கானது. குமரகுருவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியையும் பிள்ளையையும் துண்டு மூட்டையையும் காரில் ஏற்றி, எடப்பாடி ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

நர்ஸ் உஷாராணி துண்டை அவிழ்த்துக் கவினை எடை பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். வயிற்றை அமுக்கினாள். கவின் அவளையும் பார்த்துச் சிரித்து, மேஜை விரிப்பிலேயே தாராளமாகப் போனான். அப்பட்டமான மஞ்சள்.

"மஞ்சளுங்க!" குமரகுரு லாட்டரி விழுந்தவன்போலக் கூவினான்.

"கொழந்தைக்கு ஒரு கொறையுமில்லீங்க. அம்மாதான் வெளுத்துப் போயிருக்காங்க. மாத்திரை எங்கீங்க?"

"என்ர சோப்புலீங்க," என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.

"உங்க சோப்புல இருந்தா அவங்களுக்கு ரத்தம் ஊறுமாங்க? நாங்க குடுத்த அளவுல சாப்பிட்டாப் பால் குடிக்கிற கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. இரும்பையும் கால்சியத்தையும் சேத்துப் போடாம, நேரம் மாத்திப் போடோணும். அவ்வளவுதானுங்க."

மதுமதி கையை நீட்டினாள். குமரகுரு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தான்.

"அப்ப இந்தக் கருப்பு ஏதுங்க?"

உஷாராணி ஒரு துண்டை எடுத்து, அதன் கருப்புக் கரையை ஈரப்பஞ்சால் தேய்த்தாள். பஞ்சு மைபோல் கருத்தது. அவள் முகம் இரக்கத்தில் கனிந்தது.

"அட பாவமே, எந்தக் களவாணீங்க இந்தத் துண்ட உங்க தலையில கட்டுனான்? சாயம் போவுது!"